தருமபுரி கால்பந்துப் பயிற்சி முகாம்: பயிற்சியாளர் மாறிய பிறகு

தருமபுரியில் சேலம் சாலையை ஒட்டிய பள்ளி மைதானம் ஒன்றில் சனி, ஞாயிறு காலைகளில் நடைபெறும் கால்பந்துப் பயிற்சி முகாமுக்கு என் மகன் மூன்று ஆண்டுகளாகச் செல்கிறான். முகாமைத் தொடங்கிய ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், வயது காரணமாகச் சென்ற ஆண்டு தம் பழைய மாணவர் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். பிள்ளைகளை இனியும் அனுப்பலாமா என்று தெரிந்த பெற்றோர் பலர் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

பெரியவருக்கு முன்மாதிரி சையது அப்துல் ரஹீம். ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து 1950இல் இந்திய அணியின் பொறுப்பை ஏற்ற ரஹீம், 1951இல் தில்லியிலும் 1962இல் ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டுத் தங்கத்தையும், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடத்தையும் பெற்றுத் தந்தவர். தலைக்காயத்தோடு இருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை அவர் ஜகார்த்தாவில் முன்வரிசைக்கு அனுப்பியதையும், இறுதி ஆட்டத்தில் அந்த ஜர்னைல் சிங்கே ஒரு கோல் அடிக்க, தென் கொரியா 2–1 எனத் தோற்றதையும் இந்த மைதானத்தில் அறியாத பிள்ளை இல்லை.

1963 ஜூனில் ரஹீம் புற்றுநோயால் மறைந்தார். அவர் வளர்த்த அணி உடனே சரிந்துவிடவில்லை. 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் பிடித்தது. 1970 ஆசிய விளையாட்டில் இந்தியா வெண்கலம் வென்றபோது பயிற்சிப் பொறுப்பில் இருந்தவர்களுள் ஒருவர் பி. கே. பானர்ஜி, ஜகார்த்தாவின் மற்றொரு கோலை அடித்த, ரஹீமிடமே ஆட்டம் பயின்றவர். அதன்பின் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நமக்குப் பதக்கமே இல்லை. 2019இல் இந்திய அணியின் பயிற்சியாளராக வந்த இகோர் ஸ்டிமாச் 2024 ஜூனில் நீக்கப்பட்டார். அடுத்து வந்த மனோலோ மார்க்கெஸ் ஓராண்டில் விலகினார். 2025 ஆகஸ்டில் காலித் ஜமீல் நியமிக்கப்பட்டார். முன்னவர் அருகில் இருந்து பழகிப் பொறுப்பேற்கும் வாய்ப்பு இவர்களில் எவருக்கும் அமையவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

அந்த வாய்ப்பைத்தான் இந்தச் சிறிய முகாம் உண்டாக்கியது. பெரியவர் விலகுவதற்கு ஓராண்டு முன்பே புதியவரைத் தம்மோடு நிறுத்திக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் எந்தக் கால் பலம், எவன் திட்டினால் சுருங்கிப்போவான் என்பது வரை எழுதிவைத்த நோட்டையும் அவர் கையில் கொடுத்தார். அதனால் ஆள் மாறியபோது என் மகனுக்கு ஒரு வாரம்கூட வீணாகவில்லை. இடக்காலால் மட்டும் ஆடும் பழைய பயிற்சியைப் புதியவர் விடவில்லை. நால்வருக்கு நால்வர் ஆட்டத்தைக் கூடுதலாகச் சேர்த்து, எல்லோருக்கும் பந்து கிடைக்கும்படி செய்திருக்கிறார்.

குறையும் உண்டு. கோல்கீப்பர்களுக்குத் தனிப் பயிற்சி இப்போது அறவே இல்லை. ஜகார்த்தா இறுதி ஆட்டத்தில் கோல் காத்தவர், இராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணியில் ஆடி வளர்ந்த பீட்டர் தங்கராஜ். அவர் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை வளர்க்கும் இடத்தில் இது இருக்கக் கூடாத குறை. புதியவரிடம் நேரில் சொன்னேன், அடுத்த மாதம் முதல் ஞாயிறுகளில் அரை மணி நேரம் ஒதுக்குவதாக ஒப்புக்கொண்டார். மைதானத்தில் நிழல் குறைவு என்பதால், எட்டு மணிக்கு மேல் நீளும் நாட்களில் தொப்பியும் தண்ணீரும் கொடுத்தனுப்புங்கள். மாதக் கட்டணம் 600 ரூபாய். ஆள் மாறியும் அது உயரவில்லை. நான் என் மகனைத் தொடர்ந்து அனுப்புகிறேன், இந்த ஜூனில் தங்கை மகளையும் சேர்க்கப்போகிறேன்.