ரூவோவின் ‘மிசரேரே’: கைக்கு அடக்கமான ஒரு மறுபதிப்பு

பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் ரூவோவின் (1871–1958) ‘மிசரேரே’ (லத்தீனில் ‘இரங்கும்’) வரிசையிலுள்ள 58 அச்சோவியங்களையும் ஒரே நூலாகத் தரும் மலிவு மறுபதிப்பு ஒன்றைப் பழைய புத்தகக் கடையில் வாங்கினேன். முதல் உலகப் போரை ஒட்டி மை ஓவியங்களாகத் தொடங்கிய இவை, ஓவிய வணிகர் வொலாரின் ஏற்பாட்டில் செப்புத் தகடுகளுக்கு மாற்றப்பட்டு, ஓவியரின் கையாலேயே ஆண்டுக்கணக்கில் கீறியும் அமிலத்தால் அரித்தும் திருத்தப்பட்டு 1927-இல் முடிந்தன. ஆனால் 1948-இல்தான் வெளிவந்தன.

வீட்டுச் சுவரில் மாட்டப் பக்திப் படம் தேடுபவருக்கு இந்நூல் ஏமாற்றமே. சொர்க்கத்தில் தனக்கென ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருப்பதாக நம்பும் பணக்காரச் சீமாட்டி ஒரு படத்தில் வருகிறாள். சமாரியாவின் செல்வப் பெண்களைப் பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி ஆமோஸ் கண்டித்த அதே சூடு அதில் இருக்கிறது. ஆயினும், ஊரைத் திட்டிவிட்டு ஒதுங்கி நிற்பவர் அல்லர் ரூவோ. ‘முகத்தில் சாயம் பூசாதவர் யார்?’ என்னும் தலைப்போடு ஒரு கோமாளியை முன்னிறுத்தும்போது, பார்ப்பவரோடு தம்மையும் அவர் அந்தக் கேள்விக்குள் இழுத்துக்கொள்கிறார். நம் கிறிஸ்தவக் கலைஞர்கள் பலர் சமூகத்தை விமர்சிக்கும்போது தவறவிடுவது இதைத்தான் என்பது என் எண்ணம். போரின் கொடுமையையும் தாய்மாரின் துயரத்தையும் கடந்து செல்லும் வரிசை, ‘அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்’ என்ற ஏசாயா தீர்க்கதரிசியின் வாக்கோடு முடிவதால், கண்டனமும் இரக்கமும் இதில் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன.

அச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். இளமையில் வண்ணக் கண்ணாடிப் பட்டறையில் பயின்ற ரூவோவின் தடித்த கருங்கோடுகள் இந்தச் சிறிய அளவிலும் நிலைத்து நிற்கின்றன. ஆனால் மூலத் தகடுகள் ஏறத்தாழ இரண்டடி உயரமுள்ளவை என்பதால், கருமைக்குள் இருக்கும் நுண்ணிய கீறல்கள் பெரும்பாலும் அடைபட்டு, சில முகங்கள் வெறும் கறையாகிவிட்டன. அதைவிடப் பெரிய குறை, தலைப்புகளையெல்லாம் நூலின் கடைசியில் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பது. படமும் தலைப்பும் மோதும் இடத்தில்தான் ரூவோவின் குத்தல் பிறக்கிறது. பக்கம் புரட்டித் தேடுவதற்குள் அது ஆறிப்போகிறது. நீண்ட முன்னுரையைத் தாராளமாகத் தாண்டலாம்.

இத்தனைக்கும் பிறகும், அசல் அச்சுகளை அருங்காட்சியகத்தில் காணும் வாய்ப்பில்லாதவர்கள் வாங்கலாம் என்பேன். தலைப்புகளைத் தமிழில் எழுதி ஒவ்வொரு படத்தின் கீழும் ஒட்டிக்கொண்டால், சபையின் வாலிபர் கூட்டத்தில் வைத்துப் பேசவும் இது உதவும்.