ஃப்ளோரிடாவின் 90 நாள் படகு ஸ்டிக்கர்: யாருக்கு லாபம்?

வெளிமாநிலத்தார் ஃப்ளோரிடாவில் படகு வாங்கி, விற்பனை வரி கட்டாமல் 90 நாள் அங்கேயே வைத்திருக்க அம்மாநில வருவாய்த்துறை தரும் வசதி இது; அதற்கு அடையாளமாகப் படகில் ஒட்டுவதுதான் ஸ்டிக்கர். அருமையான ஏற்பாடு, ஆனால் எல்லோருக்கும் அல்ல.

முதலில் கணக்கு. 1,50,000 டாலர் படகுக்கு ஃப்ளோரிடா வரி 6 சதவீதம், அதாவது 9,000 டாலர். (படகு எவ்வளவு விலையானாலும் வரி 18,000 டாலருக்கு மேல் போகாது.) படகு வர்ஜீனியாவுக்குப் போகிறது என்றால் அங்கே 2 சதவீதம்தான், அதுவும் 2,000 டாலருக்கு மேல் போகாது. 7,000 டாலர் மிச்சம். ரோட் ஐலண்டில் படகுக்கு விற்பனை வரியே இல்லை. டெக்சாஸுக்கோ 6.25 சதவீதம், இங்கே மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். அவர்களுக்கு இந்த ஸ்டிக்கர் வீண் அலைச்சல்.

படகு 5 நெட் டன்னாவது இருக்க வேண்டும். இது எடையல்ல, உள்கொள்ளளவு. பொதுவாக 26, 27 அடிக்கு மேற்பட்டவை தேறும். அதைவிடச் சிறியதென்றால் 10 நாளில் வெளியேற்ற வேண்டும்; பழுது பார்த்தால் வேலை முடிந்து 20 நாள். பதிவுபெற்ற டீலர் அல்லது புரோக்கர் வழியாக வாங்கியிருக்க வேண்டும். நேரடியாக ஒருவரிடம் வாங்கினால் கிடையாது.

விற்பனையின்போதே உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்து, படகு கைக்கு வருமுன் ஸ்டிக்கர் ஒட்டியாக வேண்டும். 90 நாள் போதாதென்றால் வாங்கிய 60 நாளுக்குள் அதே டீலரிடம் கேட்டு, 425 டாலர் கட்டி இன்னொரு 90 நாள் வாங்கலாம். மொத்தம் 180, அதற்குமேல் கிடையாது.

பெரும்பாலோர் சறுக்குவது வெளியேறிய பிறகுதான். வேறு மாநிலத்தில் பதிவு செய்ததற்கான சான்றும், அங்கே எரிபொருள் போட்ட அல்லது படகு நிறுத்துமிடத்தில் (மரினா) பணம் கட்டிய ரசீதும் கெடுவுக்குள் வருவாய்த்துறைக்குப் போக வேண்டும். ரசீதில் படகின் அடையாளம் இருக்க வேண்டும். வெறும் கார்டு ஸ்லிப் செல்லாது. எல்லையைத் தாண்டிய முதல் எரிபொருள் பங்க்கிலேயே படகின் பெயரையும் எண்ணையும் எழுதச் சொல்லி வாங்கிவிடுங்கள்.

தவறினால் முழு வரியும், அதே அளவு அபராதமும். 9,000 டாலர் 18,000 ஆகிவிடும். ஸ்டிக்கரைக் கிழித்தாலும், ஆறு மாதத்துக்குள் படகைத் திரும்பக் கொண்டுவந்தாலும் இதே கதிதான்.

நிறுவனத்தின் பெயரில் வாங்குபவர்களுக்கு இன்னொன்று: இயக்குநர்களில் ஒருவர் ஃப்ளோரிடாவாசியாக இருந்தாலும் தகுதி போச்சு. பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் அந்தப் பட்டியலைச் சரிபாருங்கள்.