வீட்டுக்கு வீடு சோலாரா, தெருவுக்கே ஒரு நிலையமா?

ஒரு தெருவோ அடுக்ககமோ சேர்ந்து சோலாருக்கு மாற இரண்டு வழிகள் உண்டு. பேனல்களை மொத்தமாக வாங்கி அவரவர் மொட்டை மாடியில் பொருத்துவது ஒன்று. வெயில் நன்றாக விழும் ஓரிடத்தில் பொது நிலையம் அமைத்து யூனிட்டைப் பங்கிடுவது மற்றொன்று.

சொந்த மாடி இருந்தால் முதல் வழியே சுலபம். நடக்க இடம்விட்டு, ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் போதும். மீட்டர் அவரவருடையது என்பதால் கணக்கில் தகராறு வராது. சிக்கல் நிழலில்தான். தொடராக இணைத்த பேனல்களில் ஒன்றின்மேல் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்தாலும் மற்றவற்றின் உற்பத்தியும் சேர்ந்து குறையலாம். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே டிரான்ஸ்பார்மரில் பல வீடுகள் நண்பகலில் மின்சாரத்தை வெளியே அனுப்பினால் வோல்டேஜ் ஏறும். வரம்பைத் தாண்டியதும், பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கேற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். லைனின் கடைக்கோடி வீட்டுக்கே முதல் அடி. பேனலைக் குறை சொல்லுமுன் இன்வெர்ட்டர் திரையில் வோல்டேஜைப் பாருங்கள்.

வாடகைக்கு இருப்பவர்கள், கீழ்த்தளத்தார், மாடியில் நிழல் விழும் வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் இடமளிப்பது பொது நிலையம்தான். அந்த ஒரு காரணத்துக்காகவே அடுக்ககங்களுக்கு இதையே பரிந்துரைப்போம். 50 கிலோவாட் என்றால் ஒரே இன்வெர்ட்டர் வேண்டாம். 25 கிலோவாட்டில் இரண்டு வையுங்கள், ஒன்று பழுதானாலும் பாதி ஓடும். பங்கைப் பேனல் கணக்கில் பிரிக்காமல் யூனிட்டில் பிரிப்பது நல்லது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் கடலோரத்தில் 2000-இல் எழுந்த மிடல்குருண்டன் காற்றாலைகளில் பாதி கூட்டுறவுக்குச் சொந்தம்; அங்கே ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 1,000 யூனிட் உற்பத்திக்கு ஈடாக வகுக்கப்பட்டது.

ஆனால் ஒரே நிலையத்தின் யூனிட்டைப் பல மீட்டர்களில் கழிக்க மின் விநியோக நிறுவனம் அனுமதிக்க வேண்டும். அதை எழுத்தில் வாங்காமல் முன்பணம் கட்டாதீர்கள். அனுமதி இல்லையென்றால் லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு ஆகிய பொதுச் செலவுக்கு மட்டும் அளவாகப் போடலாம். வீடு கைமாறினால் பங்கு யாருக்கு என்பதையும் உடன்படிக்கையில் எழுதிவிடுங்கள். பேனல் 25 ஆண்டு உழைக்கும், இன்வெர்ட்டர் 10 முதல் 12 ஆண்டுதான். மாற்றுவதற்கான நிதியை முதல் மாதத்திலிருந்தே ஒதுக்காத சங்கங்கள் அப்போது திண்டாடும்.

மின்வெட்டில் இரண்டுமே கைகொடுக்காது. லைனில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காக இன்வெர்ட்டர் நின்றுவிடும். பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் இருந்தால்தான் விளக்கெரியும்.

எந்த வழியானாலும், வேலை முடிந்த அன்றே பேனல் வயர்களை இணைக்கும் கனெக்டர்களைச் சரிபாருங்கள். வெவ்வேறு கம்பெனியின் ஆண், பெண் முனைகளை இணைத்திருந்தால் அந்த இடம் சூடேறி உருகலாம், தீயும் பிடிக்கலாம். ஒரே கம்பெனி ஜோடியாக மாற்றித் தந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.