பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன்: லூவரில் மாட்டுவதா, சுவரைத் துளைப்பதா, சீலிங்குக்கு மேல் குழாய் விடுவதா?

கடைக்குப் போய் பாத்ரூமுக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும் என்றால், "ஆறு இஞ்சா, எட்டு இஞ்சா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்கு முன்னால் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: உங்கள் பாத்ரூமின் காற்று எங்கே போய் விழும்? வென்டிலேட்டர் நேரே வெளிச்சுவரில் இருக்கிறதா, அபார்ட்மென்ட்டின் பிளம்பிங் டக்டுக்குள் (எல்லா மாடிக் குழாய்களும் இறங்கும் குறுகலான இடைவெளிக்குள்) திறக்கிறதா, இல்லை வென்டிலேட்டரே கிடையாதா? இது தெரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

அளவுக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். 5 அடிக்கு 8 அடி, 8 அடி உயரம் என்றால் 320 கன அடி, அதாவது சுமார் 9 கன மீட்டர். மணிக்குப் பத்து முறை காற்று மாற வேண்டும் என்று வைத்துக்கொண்டாலும் 90 கன மீட்டர்தான் ஆகிறது. 6 இஞ்ச் பிளாஸ்டிக் ஃபேன்களின் அட்டைப்பெட்டியில் இதைப் போல இரண்டு மடங்குக்கு மேலேயே போட்டிருக்கும். டிரஸ்ஸிங் அறையும் சேர்ந்த பெரிய பாத்ரூம் என்றால்தான் 8 இஞ்ச்.

வெளிச்சுவரில் லூவர் கண்ணாடி (சாய்வான கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய) வென்டிலேட்டர் இருந்தால் அதிலேயே மாட்டுவதுதான் என் முதல் தேர்வு. மேல் பக்கக் கண்ணாடிகள் இரண்டு மூன்றை உருவிவிட்டு, அந்த இடத்தில் அக்ரிலிக் ஷீட்டோ பிவிசி போர்டோ வைத்து, அதில் துளை போட்டு ஃபேனைப் பொருத்தலாம். பிளைவுட் வேண்டாம், ஈரத்தில் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். வாடகை வீட்டுக்கும் இதுதான் தோது. காலி செய்யும்போது ஃபேனை எடுத்துக்கொண்டு கண்ணாடிகளைத் திரும்பச் சொருகிவிடலாம்.

இதில் கோட்டைவிடுகிற இடங்கள் இரண்டு. ஃபேனுக்குப் பக்கத்தில் மிச்சமிருக்கும் கண்ணாடிகளைத் திறந்தே விட்டுவிடுவது ஒன்று. ஃபேன் வெளிக்காற்றை அந்த இடுக்கு வழியாக இழுத்து, அதையே வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். சத்தம் பிரமாதமாக வரும், தரையோ காயவே காயாது. அந்த இடுக்குகளை சிலிக்கான் வைத்து அடைக்க வேண்டும். இன்னொன்று வெளியே இருக்கும் இரும்புக் கம்பி. ஃபேனின் பின்பக்க மடிப்புத் தகடுகள் வெளிப்பக்கமாகத்தான் விரியும். கம்பி ஒன்றரை இஞ்ச் தள்ளி நின்றால்கூடத் தகடு பாதியிலேயே முட்டி நிற்கும். வாங்குவதற்கு முன் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்.

சுவரைத் துளைத்து மாட்டினால் பார்க்க அழகு, அதிர்வும் குறைவு. ஆனால் உளி வைத்து உடைத்தால் டைல்ஸ் விரியும், மெஷின் வைத்து வட்டமாக அறுத்தெடுக்கும் கோர் கட்டிங்தான் நல்லது. வெளிச்சுவர் 9 இஞ்ச் இருந்தால் உங்கள் மாடல் அந்தக் கனத்துக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். லிண்டலிலோ (ஜன்னல், கதவுக்கு மேலே போகும் கான்கிரீட் பட்டை) பீமிலோ கை வைக்கவே கூடாது. துளை வெளிப்பக்கம் சற்றே சரிந்திருக்கட்டும், மேலே ஒரு மூடியும் வேண்டும். இல்லையென்றால் ஐப்பசிச் சாரல் நேரே மோட்டாருக்குள் இறங்கும். புது வீடு கட்டுகிறவர்கள் பூச்சு வேலைக்கு முன்பே இதைச் சொல்லிவிட்டால் செலவே இல்லை.

9 இஞ்ச் மெட்டல் ஃபேனை "நல்லா இழுக்கும் சார்" என்று காட்டுவார்கள். இழுக்கும்தான். நிமிடத்துக்கு 1400 சுற்று சுற்றும்போது வீடே கேட்கும், கடலோர ஊர்களில் துருவும் பிடிக்கும். அடுப்படிக்கு வாங்குங்கள்.

வென்டிலேட்டர் இல்லாத உள் பாத்ரூமுக்குத்தான் மூன்றாவது வழி: ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் இன்லைன் ஃபேன் (குழாயோடு குழாயாகப் பொருத்தும் ஃபேன்) வைத்து 4 இஞ்ச் பிவிசி குழாயில் காற்றை வெளியே கொண்டுபோவது. விலை 6 இஞ்ச் ஃபேனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆகும். அந்தச் செலவைத் தவிர்க்கச் சாதாரண ஃபேனையே குழாயோடு இணைத்துத் தரும் எலக்ட்ரீஷியன்களும் இருக்கிறார்கள். அது வேலைக்கு ஆகாது. சுவர்க் கனத்தைத் தாண்டித் தள்ளுவதற்குச் செய்த விசிறி அது. பத்தடிக் குழாயும் இரண்டு எல்போவும் (குழாய் வளைவுகள்) வந்தால் காற்று வெளியே போய்ச் சேருவது வெகுவாகக் குறைந்துவிடும். குழாய் வெளிப்பக்கம் சரிவாக இருந்தால் உள்ளே தங்கும் நீராவித் தண்ணீர் வடிந்துவிடும். குழாயைச் சீலிங்குக்குள்ளேயே முடித்துவிடும் ஆட்களும் உண்டு. சீலிங்கின் ஜிப்சம் பலகை கறுத்துப்போவது அப்படித்தான். டக்டுக்குள் விடுவதானால் காற்று திரும்பி வராமல் தடுக்கும் தகடு கட்டாயம். இல்லாவிட்டால் ஃபேன் ஓடாத நேரத்தில் மூன்றாம் மாடிக் குளியல் வாசனை உங்கள் வீட்டுக்கு வரும்.

எதை மாட்டினாலும் உள்ளே காற்று வர வழி வேண்டும். கதவுக்கு அடியில் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, ஊதுபத்தியைக் கதவடியில் பிடித்துப் பாருங்கள். புகை உள்நோக்கிச் சாய்ந்தால் சரி. அப்புறம் ஊதுபத்தியை ஃப்ளோர் டிராப் (தரையில் தண்ணீர் போகும் ஓட்டை; அதில் தேங்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றைத் தடுக்கும்) பக்கம் கொண்டுபோங்கள். புகை மேலே தள்ளப்பட்டால் டிராப்பில் தண்ணீர் வற்றியிருக்கிறது, ஃபேன் சாக்கடைக் காற்றை இழுக்கிறது என்று அர்த்தம். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினாலே நின்றுவிடும். ஃபேன் போட்ட பிறகுதான் நாற்றம் வருகிறது என்கிற பல வீடுகளில் காரணம் இதுதான்.

பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் இருந்தால், எக்ஸாஸ்ட் போட்டுவிட்டோமே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். ஃபேன் அறையின் காற்றை இழுக்கும்போது கீசரின் புகையும் உள்ளே திரும்பக்கூடும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. முதலில் கீசரை வெளியே மாற்றுங்கள், ஃபேன் அடுத்த மாதம் போட்டுக்கொள்ளலாம்.

ஸ்விட்ச் பாத்ரூமுக்கு வெளியே, லைட்டோடு சேராமல் தனியாக இருக்கட்டும். குளித்து முடித்து லைட்டை அணைத்த பிறகும் கால் மணி நேரம் ஓட வேண்டியது ஃபேன்தானே. 30 வாட் ஃபேன் தினம் ஒரு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு ஒரு யூனிட்கூட வராது.