அக்காவின் அக்குள் ஸ்கேன்: சென்டருக்கு 3 நட்சத்திரம், டெக்னீஷியனுக்கு 5

அக்காவுக்கு வலது மார்பில் புற்றுக் கட்டி. ஆபரேஷனுக்கு முந்தின நாள், சேலத்தில் ஒரு நியூக்ளியர் ஸ்கேன் சென்டருக்குப் போகச் சொன்னார் டாக்டர். பெயர் போடவில்லை, குறை சொல்லப் போகிறேன்.

ஏற்காட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து இறங்கினோம். 20 கொண்டை ஊசி வளைவிலும் அக்கா கண்ணைத் திறக்கவில்லை. 8 மணிக்கு வரச் சொன்னவர்கள் ஊசி போட்டது 11.30க்கு. மருந்து வரத் தாமதமாம். சரி, அதில் இருக்கும் டெக்னீஷியம் என்கிற கதிரியக்கப் பொருள் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும், முன்கூட்டியே வாங்கி அடுக்கிவைக்க முடியாது. ஒரு போன் செய்திருக்கலாமே? சாப்பிட்டு வரலாம் என்றும் யாரும் சொல்லவில்லை. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள் பாவம்.

ஆனால் அந்த டெக்னீஷியன் பெண்ணுக்கு எத்தனை நட்சத்திரம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஊசியில் இருப்பது நுண்ணிய புரதத் துகள்கள், பெரும்பாலும் 80 நானோமீட்டருக்குள். தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. அதில் டெக்னீஷியத்தை ஒட்டிவிடுகிறார்கள். ரொம்பப் பொடியாக இருந்தால் ரத்தத்தில் கலந்துவிடும், பெரிதாக இருந்தால் குத்திய இடத்திலேயே தங்கிவிடும், அளவாக இருந்தால்தான் நிணநீரோடு ஓடி அக்குளில் முதல் நெறியில், அதாவது நிணநீர் முடிச்சில், போய்ச் சிக்கும் என்றார். எஸ்டேட் குடோனில் காபிக்கொட்டை சலித்துத் தரம் பிரிக்கிறவன் நான். அதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்கா" என்றார். "எறும்பா? தேளு!" என்றாள் அக்கா. குத்திய இடத்தை மெதுவாகத் தேய்த்துவிடச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் கேமரா திரையில் அக்குள் பக்கம் ஒரு பொட்டு தெரிந்தது. அதைப் பார்த்து அக்கா அழுதுவிட்டாள். அது புற்று இல்லை, சோதிக்க வேண்டிய நெறி எது என்று மட்டும் காட்டுவது என்று அந்தப் பெண்தான் பக்கத்தில் உட்கார்ந்து புரியவைத்தார். அந்த நெறியில் பரவல் இல்லையென்றால் மற்றதையெல்லாம் எடுக்க வேண்டியதில்லை. பின்னால் கை வீங்கும் தொல்லையும் வெகுவாகக் குறையும்.

ரிசப்ஷனில் போனில் சொன்னதைவிட பில் கூடுதல். கேட்டதற்கு முகத்தைக்கூட நிமிர்த்தவில்லை.

போகிறவர்கள் முன்பக்கம் திறக்கும் சட்டையோ நைட்டியோ போட்டுப் போங்கள். அக்குளில் பேனாவால் ஒரு குறி வைத்து அனுப்புவார்கள், மறுநாள் சர்ஜனுக்கு அது வேண்டும். எங்களிடம் அதைச் சொல்ல மறந்துவிட்டார்கள். ராத்திரி குளிக்கப் போனவள் பீர்க்கங்கூட்டை எடுத்துத் தேய்க்கத் தொடங்கியிருந்தாள், நல்லவேளை, அம்மா பார்த்துக் கத்தினாள்.