கண்ணாடியா, பீங்கானா, பிளாஸ்டிக்கா: மைக்ரோவேவ்ல தினச் சமையலுக்கு எது?

கோலாலம்பூர் செந்தூல்ல நாங்க வாடகைக்கு இருக்கிற ரூம்ல கேஸ் அடுப்பு வைக்கக் கூடாது, வீட்டுக்காரம்மா முதல் நாளே "லைட் குக்கிங் மட்டும்தான்மா"ன்னு சொல்லிட்டாங்க. ஒரு ரைஸ் குக்கர், ஒரு 20 லிட்டர் மைக்ரோவேவ், ரெண்டு வருஷமா எங்க சமையல் முழுக்க இந்த ரெண்டுலதான் ஓடுது. புதுசா ரூம் எடுத்து வர்ற பிள்ளைங்க எல்லாம் "மைக்ரோவேவ்ல என்னக்கா சமைக்கலாம்"னு கேக்குறாங்க, நான் திருப்பி "எதுல சமைக்கப் போறே"ன்னு கேப்பேன். ஒரே மிஷின், ஒரே சாம்பார், ஒரே 3 நிமிஷம்தான், ஆனா பாத்திரத்த மாத்திப் பாருங்க, ஒண்ணுல சாம்பார் கொதிக்கும், இன்னொண்ணுல சாம்பார் வெதுவெதுன்னு இருக்க தட்டு மட்டும் கைய சுடும்.

காரணம் ரொம்ப எளிது. உள்ள வர்ற அலை 2450 மெகாஹெர்ட்ஸ், அது சாப்பாட்டுல இருக்கிற தண்ணிய ஆட்டி ஆட்டித்தான் சூடாக்குது, பாத்திரம் அந்த அலைய தடுக்காம உள்ள விட்டாப் போதும், தானா சூடாகக் கூடாது. இத வீட்டுலயே பாத்துடலாம். சந்தேகமான காலிப் பாத்திரத்த உள்ள வச்சு பக்கத்துலயே ஒரு மக் தண்ணியும் வச்சு 1 நிமிஷம் ஓட விடுங்க, தண்ணி சூடாகி பாத்திரம் ஜில்லுன்னு இருந்தா நல்ல பாத்திரம், தண்ணி அப்படியே இருக்க பாத்திரம் சூடாச்சுன்னா அது அந்தப் பக்கமே போகக் கூடாது. எவர்சில்வர வச்சு மட்டும் இந்த டெஸ்ட் பண்ணாதீங்க, அது அலைய திருப்பி அடிக்கிற சாமான், ஓரத்துல பொறி பறக்கும்.

இப்ப நேரா மோத விடலாம், கண்ணாடியும் பிளாஸ்டிக்கும். நம்ம ஊர்ல தப்பாவ் டப்பா, அதாவது கடையில பார்சல் கட்டித் தர்ற பிளாஸ்டிக் டப்பா, இல்லாத வீடே கிடையாது, கழுவிக் கழுவி அடுக்கி வச்சிருப்போம். அடியில முக்கோணத்துக்குள்ள 5ன்னு போட்டிருந்தா அது பாலிபுரொப்பிலீன், 160 டிகிரி பக்கம் போனாத்தான் உருகும், சோறு, இட்லி, அவிச்ச காய் மாதிரி தண்ணி மட்டும் இருக்கிற அயிட்டம் 100 டிகிரிய தாண்டாதுங்கிறதால அதுக்கு இந்த டப்பா ஓகே. 1ன்னோ 6ன்னோ போட்டிருந்தா உள்ள வைக்கவே வேணாம். ஆனா 5ன்னு போட்டிருந்தாலும் கறிக்குழம்பு, மிளகாய்ச் சம்பால், எண்ணெய் மிதக்குற எதுவா இருந்தாலும் கதை வேற, எண்ணெய் 100ஓட நிக்காது, மேல ஏறிக்கிட்டே போகும். ஒரு பழைய டப்பாவ எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, குழம்பு நின்ன மட்டத்துல, எண்ணெய் மிதந்த அந்தக் கோட்டுல மட்டும் பிளாஸ்டிக் வெள்ளையா பூத்துப் போயிருக்கும், விரலால தடவினா சொரசொரன்னு இருக்கும், மஞ்சளும் மிளகாயும் ஏறி எத்தனை தடவ தேச்சாலும் போகாது. அந்தச் சொரசொரப்பு டப்பாவோட மேல் பரப்பு அரிச்சுப் போன அடையாளம், மறுபடி அதுல குழம்பு சூடு பண்ணிச் சாப்பிட எனக்கு மனசு வரல, அன்னையிலேர்ந்து அந்த டப்பாவெல்லாம் எங்க வீட்டுல வெங்காயம் போட்டு வைக்கத்தான். கடையில பிளாஸ்டிக் பையில கட்டித் தர்ற டால்ச்சாவையும் (பருப்புக் குழம்பு) பையோடயே உள்ள வைக்காதீங்க, கிண்ணத்துல ஊத்தி வைங்க, ரெண்டு செகண்டு வேலை.

குழம்புக்குக் கண்ணாடிதான், இதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. கறை பிடிக்காது, வாடை ஒட்டாது, உள்ள பொங்குறது வெளியிலேர்ந்தே தெரியும். ஆனா கண்ணாடியிலயே ரெண்டு சாதி இருக்கு, பெட்டியில போரோசிலிகேட்னு போட்டிருக்கிறது சூட்டுக்கு விரியிறது ரொம்பக் கம்மி, சாதாரண கண்ணாடி அப்படி இல்ல. போன வருஷம் மலிவா கிடைச்சதுன்னு வாங்கின ஒரு கிண்ணத்துல பருப்பு கொதிக்க வச்சு, எடுத்து நேரா சிங்க் பக்கத்து ஈரக் கல்லு மேல வச்சேன், டக்குன்னு ஒரே சத்தம், நடுவுல ரெண்டாப் பிளந்து பருப்பு முழுக்க சிங்க்ல. அதுக்கு முன்னாடி கிண்ணத்துல ஒரு கீறல்கூட இல்ல, சூடா இருந்த அடி திடீர்னு குளிர்ந்ததுதான் காரணம். இப்ப போரோசிலிகேட்டா இருந்தாலும் மடிச்ச துண்டு மேலதான் வைப்பேன், ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த உடனேயும் உள்ள வைக்கிறதில்ல.

பீங்கான் மங்கு, அதாவது கிண்ணம், ஒரு ஆளுக்குச் சமைக்கிறவங்களுக்கு நல்லது, சமைச்ச மங்குலயே சாப்பிட்டுடலாம். ஓட்ஸ், முட்டை, நேத்து மிஞ்சின சோறு எல்லாம் நான் இதுலதான். முட்டைய உடைச்சு ஊத்தி மஞ்சக்கருவ முள்கரண்டியால குத்திட்டு பாதி பவர்ல வைங்க, குத்தலைன்னா உள்ள ஆவி அடைஞ்சு வெடிக்கும், ஓட்டோட முழு முட்டைய வைக்கவே கூடாது. தங்க ரேகை போட்ட கல்யாண செட் மங்கு ஆகாது, அந்த ரேகை உலோகம், பொறி வரும். அடியில பளபளப்பு பூசாம கரடுமுரடா இருந்தா அது தண்ணி குடிச்சு தானும் சூடாகும், வெறுங்கையால தூக்காதீங்க.

மெலமைன்ங்கிற கெட்டி பிளாஸ்டிக் பத்தி கொஞ்சம் அழுத்தியே சொல்றேன், ஏன்னா மாமாக் கடையிலேர்ந்து (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) நம்ம அம்மா வீடு வரைக்கும் எங்க பாத்தாலும் இந்தத் தட்டுதான், லேசா இருக்கும், கீழ விழுந்தா உடையாது, பாக்க பீங்கான் மாதிரியே இருக்கும். ஈப்போ ஊர்ல இருக்கிற அம்மா சோத்த இதுல வச்சு 2 நிமிஷம் சூடு பண்ணுவாங்க, சோறு நடுவுல ஜில்லுன்னு இருக்கும், தட்டு தொட முடியாது. "தட்டு நல்லாதானே இருக்கு"ன்னாங்க, "சூடு தட்டுக்குத்தானே போகுது, சோத்துக்கு எங்கம்மா போகுது"ன்னு கேட்டேன், அப்புறம்தான் விட்டாங்க. மெலமைன் பாத்திரத்துல சாப்பாட்ட மைக்ரோவேவ் பண்ண வேணாம்னு அமெரிக்காவோட உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எஃப்டிஏவே சொல்லியிருக்கு. 2013ல வெளிவந்த ஒரு தைவான் ஆய்வுல 12 பேருக்கு சூடான நூடுல்ஸ் சூப்ப மெலமைன் கிண்ணத்துல ஒரு தடவயும் பீங்கான்ல ஒரு தடவயும் குடுத்துப் பாத்தாங்க, மெலமைன்ல குடிச்சப்போ சிறுநீர்ல மெலமைன் கூடுதலா வந்துச்சு, அதுல மைக்ரோவேவே கிடையாது, வெறும் சூடு மட்டும்தான்.

இனி எதுல என்ன சமைக்கிறதுன்னா, சோறுக்கு நான் ரைஸ் குக்கர் பக்கம்தான், மைக்ரோவேவ்லயும் வேகும், ஆனா பொங்கி வழிஞ்சு சுழல் தட்டக் கழுவுறதே தனி வேலையாயிடும். மைசூர் பருப்ப அரை மணி நேரம் ஊற வச்சு ஆழமான கண்ணாடிக் கிண்ணத்துல, பருப்பும் தண்ணியும் சேந்து கிண்ணத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல போகாம, முழு பவர்ல 10 நிமிஷம், அப்புறம் பாதி பவர்ல இன்னொரு 10. இதெல்லாம் எங்க 700 வாட் மிஷின் கணக்கு, உங்களது 1000 வாட்டா இருந்தா 3 நிமிஷ வேலை 2 நிமிஷத்துல முடியும், பின்னாடி ஸ்டிக்கர பாத்துக்குங்க. கங்கோங் கீரைக்கு கழுவின தண்ணியே போதும், நெத்திலியும் பூண்டும் போட்டு மூடி 3 நிமிஷம், சட்டியில வதக்குறத விடப் பச்சை நிறம் மாறாம நிக்கும். கெம்போங் மீன்ல (கானாங்கெளுத்தி) ரெண்டு பக்கமும் கீறிட்டு மஞ்சள், புளி தடவி கண்ணாடித் தட்டுல 5 நிமிஷம், கீறாம வச்சா தோல் பட்டு பட்டுன்னு வெடிச்சு உள்ளயெல்லாம் தெறிக்கும். அப்பளம் எண்ணெயே இல்லாம 1 நிமிஷத்துல பொரியும்.

தாளிப்பு மட்டும் இதுல நடக்காது, வெறும் எண்ணெய் அலைய சரியா வாங்காது, சூடான எண்ணெய்க்குக் கண்ணாடியும் தாங்காது. நான் கறிவேப்பிலைய ஒரு மங்குல பரப்பி 1 நிமிஷம் வச்சு எடுப்பேன், மொறுமொறுன்னு வந்துடும், அத கையால நொறுக்கி பருப்பு மேல தூவினா ரூம் முழுக்க அந்த வாசம்தான்.