இறகுத் தூண்டில் பொம்மை: ஐந்து வாரம் ஆட்டிப் பார்த்த பிறகு

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகள் கூடிப் பேசிய கதை எல்லோருக்கும் தெரியும். நான் கட்டியே பார்த்தேன். கழுத்து அசையாமல் பதுங்க எங்கள் பூனை சில நாட்களிலேயே பழகிக்கொண்டது. முன்பு போலவே பல்லியும் குருவியும் வாசற்படிக்கு வந்து சேர்ந்தன. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 355 பூனைகளை வைத்துச் செய்து 2021-இல் வெளியிட்ட ஆய்விலும் மணியால் சொல்லத்தக்க பலன் தெரியவில்லை. மாறாக, நாள்தோறும் 5 முதல் 10 நிமிடம் வேட்டையை ஒத்த விளையாட்டு காட்டிய வீடுகளில், பூனைகள் கொண்டுவந்த இரை 25 சதவீதம் குறைந்திருந்தது. இந்தத் தூண்டில் பொம்மையை வாங்கியதற்கு அதுவே காரணம்.

ஏறக்குறைய முழங்கை நீளக் கோல், அதன் நுனியில் மெல்லிய கயிறு, கயிற்றின் முனையில் கொக்கியில் மாட்டிய இறகுக் கொத்து: பொருள் இவ்வளவுதான். ஆனால் அதை ஆட்டும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் நாள் இறகைப் பூனையின் முகத்துக்கு நேரே கொண்டுபோய் ஆட்டினேன். அது என்னை ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டது. எந்த இரையும் பூனையைத் தேடி வருவதில்லையே! மறுநாள் இறகைத் தரையோடு இழுத்து, மெத்தையின் ஓரத்தில் பாதி மறைத்து, அசையாமல் நிறுத்தினேன். நாற்காலிக்கு அடியில் உடல் தாழ்ந்தது, கண்மணிகள் விரிந்தன, பின்புறம் இடவலமாக இரண்டு முறை ஆடியது, அடுத்த கணம் இறகு அதன் வாயில் இருந்தது. லேசர் ஒளிப்புள்ளியைத் துரத்தும் பூனைக்கு இந்தக் கடைசிக் கட்டம் வாய்ப்பதே இல்லை. கவ்வுவதற்கு ஒன்றும் இல்லாததால் அது தேடிக்கொண்டே நிற்கிறது. ஆகவே ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவிலும் பிடிக்க விட்டு, உடனே உணவு வைப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

குறைகளும் உண்டு. மூன்றாவது வாரத்தில் ஒட்டு விட்டு இறகுகள் உதிரத் தொடங்கின. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கயிற்றைப் பற்றிப் பெட்டியில் ஓர் எச்சரிக்கையும் இல்லாததைப் பொறுக்க முடியவில்லை. பூனை விழுங்கிய கயிறு குடலைச் சுருக்கி அறுத்து, அறுவைச் சிகிச்சை வரை கொண்டுபோய்விடக்கூடும் என்பதால், ஆட்டம் முடிந்ததும் பொம்மையை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டும்.

நாய்க்கும் ஏற்றது என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். எங்கள் நாய் ஒரே இழுப்பில் கோலின் இணைப்பைக் கழற்றிவிட்டது. நாய்களுக்கென்று தடித்த கோலும் முறுக்குக் கயிறும் கொண்ட வகை தனியே கிடைக்கிறது. துரத்தும் வெறி மிகுந்த நாய்க்கு, "விடு" என்றதும் விடுவதற்குப் பழக்க அதுவே உதவும். வளரும் குட்டியைத் துள்ளவும் சட்டென்று திரும்பவும் வைத்தால் மூட்டுகளுக்குக் கேடு என்பதால், பொம்மையைத் தரைமட்டத்திலேயே இழுக்க வேண்டும்.

வாங்குவதற்கு முந்தைய ஐந்து வாரங்களில் ஒன்பது இரைகளை எண்ணியிருந்தேன்; இந்த ஐந்து வாரங்களில் நான்கு, நான்கும் பல்லிகள். ஒரு வீட்டுக் கணக்கை வைத்து அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆயினும் தடித்த கயிறு மாற்றிக்கொண்டு இதையே மறுபடியும் வாங்குவேன். மணியைக் கழற்றிவிட்டேன்.